அணு உலையும் அஹிம்சை நெறியும்

(உடுமலைப்பேட்டையில் மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீ வர்த்தமான மகாவீரர் அவதரித்த திருநாளில் அணுமின்சாரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர் உள்ளத்தில் எழலாம். ஆனால் அந்தப் பேச்சு நம் இல்லங்களுக்குள் முன்னமே நுழைந்துவிட்டது. கொங்கு நாட்டின் பொறியியற் கல்லூரிகளில் பயின்று வெளிவரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் மும்பைக்கும் விண்ணப்பம் அனுப்புகிறார்கள். பணி ஆணை வந்ததும் தந்தை மகிழ்கிறார். மைய அரசுப் பணி, குடியிருப்பு, நிலையான ஊதியம். பாட்டியார் மட்டும் கேட்கிறார்: "அது குண்டு செய்கிற இடமல்லவா? வடிகட்டாத நீரைப் பருகாத குடும்பத்துப் பிள்ளை அங்கே போய் வேலை செய்யலாமா?" அதற்கு விடை கூற இயலாமல் வீடு அமைதியாகிவிடுகிறது.

அக்கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. எத்தொழிலைச் செய்தாலும் அதனால் எவ்வுயிர்க்கு என்ன நேரும் என்று முதலில் வினவுவது நம் மரபு. ஆதலின் பாட்டியாரின் கேள்வியை ஒதுக்கிவிடாமல், அதற்குரிய விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

உடுமலையும் மின்சாரமும்

உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி மலையடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் திருக்கோயில் உள்ளது. அப்பெயரில் நிற்கும் "அமணம்" என்னும் சொல்லைச் சமணத் தொடர்போடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர் உண்டு. விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஆலயமும், பெருங்கதை தந்த கொங்குவேளிரும், நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் கொங்கு நாட்டின் சமணச் சிறப்புக்குச் சான்றுகள். அத்தகைய மண்ணில் மின்சாரம் வந்து வாழ்க்கையை மாற்றிய வரலாறு நூறாண்டுக்கும் குறைவானது.

1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. கிணற்றுக் கமலைகள் நின்று மின் மோட்டார்கள் ஓடின. பின்னர் ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறனுடன் எழுந்தது. அதன்பின் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பிப் பூளவாடி, குடிமங்கலம் பகுதிகளில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்குப் பொருள் தெரிந்த ஊர் இது.

ஆயினும் ஆடி கழிந்து காற்று ஓய்ந்தால் காற்றாலையும் ஓய்ந்துவிடும். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரமின்றிச் சிறு விசைத்தறிக்கூடங்களும் பட்டறைகளும் மூடிக் கிடந்தன. தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தியை நாடினர். ஏழைத் தொழிலாளி கூலியிழந்து பசித்திருப்பதும் ஓர் உயிர்க்கு நேரும் துன்பமே. மின்சாரம் வேண்டுமா என்னும் வினாவுக்கு அந்த ஆண்டே விடை கூறிவிட்டது. எவ்வகை மின்சாரம், எவ்வளவு மின்சாரம் என்பவையே எஞ்சி நிற்கும் வினாக்கள்.

அடுத்த ஆண்டில், 2013 ஜூலை 13-ஆம் நாள் கூடங்குளத்தின் முதல் உலை தொடர்வினையை எட்டியது. அக்டோபர் 22-ஆம் நாள் அதன் மின்சாரம் தொகுப்பில் சேர்ந்தது. இரண்டாம் உலை 2017-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுடையது. கூடங்குளத்தின் மின்சாரத்தை ஏந்திச் செல்ல அமைத்த தடங்களுள் ஒன்று, திருநெல்வேலியிலிருந்து உடுமலைப்பேட்டைத் துணை மின்நிலையத்துக்கு வரும் 400 கிலோவோல்ட் தடமாகும். எனவே அணுமின்சாரம் எங்கோ கடற்கரையில் நிகழும் செய்தி அன்று. இவ்விழா மேடையின் விளக்கிலும் அதன் பங்கு கலந்திருக்கலாம். அதைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதன் நன்மையிலும் தீமையிலும் பங்குடையவர்களே. வேலைக்குச் செல்லும் பிள்ளை மட்டும் விடை கூற வேண்டியவர் அல்லர்.

அணு என்பது யாது?

சமண நூல்கள் உலகப் பொருள்களைப் புத்கலம் என்றும், அதன் பிரிக்கவொண்ணாத இறுதிக் கூற்றைப் பரமாணு என்றும் வழங்கும். பரமாணுக்கள் கூடியது ஸ்கந்தம். கூடுதலாலும் பிரிதலாலும் ஸ்கந்தங்கள் தோன்றும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. இதைக் கொண்டு அணு உலையை முன்னோரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் தகாது. இக்கால அறிவியல் அணு என்று கூறுவது பிளக்கக்கூடியது. ஆதலின் சமணக் கலைச்சொல்லின்படி அது பரமாணு ஆகாது, ஸ்கந்தமே ஆகும். முன்னோர் கண்டது மெய்ப்பொருள் ஆராய்ச்சி. இக்காலத்தார் கண்டது ஆய்வுக்கூடச் சோதனை. இரண்டையும் குழப்பாமல் இரண்டுக்கும் உரிய மதிப்பை அளிப்பதே அறிவுடைமை.

யுரேனியத்தின் அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கும்போது அது இரண்டாகப் பிளந்து வெப்பத்தையும் மேலும் சில நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இத்தொடரைக் கட்டுக்குள் வைத்து, அவ்வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, ஆவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்பதே அணுமின் நிலையத்தின் பணி. வெப்பம் பிறக்கும் இடத்தைத் தவிர ஏனையவை நிலக்கரி மின்நிலையத்தைப் போன்றவையே. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் கிடைக்கும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 3,000 டன் நல்ல நிலக்கரியை எரிக்க வேண்டும். 3,000 டன் என்பது முன்னூறு லாரிச் சுமை.

இதைத் தூய மின்சாரம் என்பதற்குரிய காரணம் இங்குதான் உள்ளது. சுரங்கம் தோண்டுதல், நிலையம் கட்டுதல், எரிபொருள் ஆக்குதல் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்று பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2014-ஆம் ஆண்டில் தொகுத்தது. அதன் நடுமதிப்பின்படி நிலக்கரிக்கு 820 கிராம், இயற்கை எரிவாயுவுக்கு 490, பெரிய சூரிய மின்பூங்காவுக்கு 48, அணுமின்சாரத்துக்கு 12, நிலத்தில் அமைந்த காற்றாலைக்கு 11. உடுமலையின் காற்றாலையும் கூடங்குளத்தின் உலையும் இக்கணக்கில் அருகருகே நிற்கின்றன. நிலக்கரியின் புகையும் சாம்பலும் மனிதரின் நுரையீரலை மட்டுமன்றி, நிலத்திலும் நீரிலும் வாழும் எண்ணிறந்த உயிர்களையும் வாட்டுகின்றன. வாயுகாய உயிர்களையும் ஜலகாய உயிர்களையும் எண்ணிப் பார்க்கும் சமயத்தார்க்கு இது சிறிய வேறுபாடன்று.

ஆனால் "தூய்மை" என்னும் சொல் புகையின்மையோடு முடிந்துவிடுவதில்லை. கழிவும், விபத்தும், சுரங்கமும், படைக்கலமும் ஆகிய நான்கு வினாக்கள் எஞ்சுகின்றன. அவற்றை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் அது சத்திய விரதத்துக்கு மாறாகும்.

இரு சமண விஞ்ஞானிகள்

படைக்கலம் பற்றிய வினாவை நம் சமயத்தில் பிறந்த இருவர் நேரில் எதிர்கொண்டனர்.

முதலாமவர் தௌலத் சிங் கோத்தாரி. 1906-ஆம் ஆண்டில் உதயப்பூரில் பிறந்தவர். 1948 முதல் 1961 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர். பின்னாளில் கோத்தாரி கல்விக் குழுவின் தலைவராக நாடறிந்தவர். அணுகுண்டு வெடிப்புகளால் மனிதர்க்கும் பிற உயிர்களுக்கும் நேரும் விளைவுகளைத் திரட்டி 1956-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பண்டித நேரு அதற்கு முன்னுரை எழுதினார். படைத்துறையின் ஆலோசகராக இருந்துகொண்டே படைக்கலத்தின் கேட்டை உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். குவாண்டம் இயற்பியலில் நீல்ஸ் போர் வகுத்த கொள்கையைச் சமணரின் ஸ்யாத்வாதத்தோடு ஒப்புநோக்கி எழுதியவரும் அவரே.

இரண்டாமவர் விக்ரம் சாராபாய். 1919 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அகமதாபாத்தின் சமணத் தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய துணைவியார் நடனக்கலைஞர் மிருணாளினி சென்னையில் வளர்ந்தவர். ஹோமி பாபா 1966 ஜனவரி 24-ஆம் நாள் விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமை சாராபாயிடம் வந்தது. சீனா 1964-இல் அணுகுண்டு வெடித்திருந்த காலம் அது. இந்தியாவும் வெடிக்க வேண்டும் என்ற குரல் எங்கும் ஒலித்தது. பொறுப்பேற்ற சில நாள்களிலேயே செய்தியாளர்களிடம் அவர் தம் கருத்தைத் தெரிவித்தார். ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் மட்டும் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குப் பின்னே நிற்க வேண்டிய முழுமையான படையமைப்புக்கு ஆகும் செலவை நாடு எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அணுவின் ஆற்றலை உழவுக்கும் தொழிலுக்கும் குடிநீருக்கும் ஆக்க வேண்டும் என்பதே அவர் கனவு. கல்பாக்கத்தில் மின்நிலையமும், 1971-இல் உலை ஆராய்ச்சி மையமும் வேர்விட்டது அவர் காலத்தில்தான். அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், தம் 52-ஆம் வயதில் கோவளத்தில் அவர் காலமானார். 1974 மே 18-ஆம் நாள் நடந்த பொக்ரான் வெடிப்பைக் காண அவர் இல்லை.

மின்சாரத்துக்கான உலையும் படைக்கலமும் ஒரே அறிவியலின் இரு கிளைகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கத்தி காய்கறி அரியும், உயிரையும் போக்கும். கத்தியை ஏந்தும் கை எக்கருத்தோடு ஏந்துகிறது என்பதையே நம் ஆகமம் முதலில் நோக்கும். அக்கருத்தைத் தூயதாக வைத்திருக்க முயன்ற இவ்விருவரின் வாழ்வும் பாட்டியாரின் கேள்விக்கு ஒரு பகுதி விடையாகும்.

நான்கு வகை ஹிம்சை

இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். இங்கு அணு என்பதற்குச் சிறியது என்று பொருள். முனிவரின் மகாவிரதத்துக்கு எதிரே இல்லறத்தாரின் சிறுவிரதம். ஹிம்சையை நம் பெரியோர் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலான வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம், கைத்தொழில் முதலான பிழைப்பில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் சங்கல்பியை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும்.

மின்சாரம் ஆக்கும் தொழிலில் நேரும் ஹிம்சை உத்யோகி வகையைச் சேரும். நூற்பாலைக்கும் வேளாண்மைக்கும் அதே வகைதான். ஆகவே வினா, "இத்தொழிலில் ஹிம்சை உண்டா?" என்பதன்று, ஹிம்சை சிறிதும் இல்லாத தொழில் அரிது. "இதில் ஹிம்சை எவ்வளவு? அதைக் குறைக்க இத்தொழிலார் எவ்வளவு விழிப்போடு இருக்கிறார்கள்?" என்பதே வினா.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு வகுக்கும் இலக்கணத்தில் பிரமாதம் என்னும் சொல் தலையாயது. பிரமாதம் என்றால் விழிப்பின்மை, அசட்டை. அசட்டையோடு இயங்குவோரின் செயலால் உயிர்க்கு நேரும் ஊறே ஹிம்சை. முனிவர் நடக்கும்போது முன்னே நிலத்தை நோக்கி நடப்பதும், மயிற்பீலியால் தடவிய பின்னரே அமர்வதும் அப்பிரமாதத்தின் பயிற்சியே. இக்கண்ணாடியைக் கொண்டு அணு உலையில் பணிபுரிவோரை நோக்கலாம்.

அங்கே பணிபுரிவோர்

கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையம் இந்தியப் பொறியாளர்கள் தாமே கட்டி எழுப்பிய முதல் அணுமின் நிலையம். அதன் தலைமைத் திட்டப் பொறியாளராக 1967-இல் பொறுப்பேற்றவர் எம்.ஆர்.சீனிவாசன். பின்னர் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக உயர்ந்து, ஓய்வுக்காலத்தில் நீலகிரியில் வாழ்ந்து, 2025 மே மாதத்தில் உதகமண்டலத்தில் மறைந்தவர். அந்நிலையத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்திக்கு வந்தன.

இத்தகைய நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை இரவு பகல் ஓயாது. முறைமாற்றி வரும் இயக்குநர்கள் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் கடந்து உரிமம் பெற்றவர்கள். அவ்வுரிமமும் நிலையானதன்று, குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். கதிர்வீச்சுப் பகுதிக்குள் செல்லும் ஒவ்வொருவரும், பொறியாளராயினும் துப்புரவுப் பணியாளராயினும், மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிவர். உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவை அது காட்டிக்கொடுக்கும். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, பணியாளர் ஒருவர் ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேலும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேலும் ஏற்றல் கூடாது. வெளியே வாழும் பொதுமக்களுக்கு நிலையத்தால் சேரக்கூடிய வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே மனிதர்க்குச் சேர்வது உலக அளவில் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்.

விதி இருப்பதும் விழிப்பு இருப்பதும் ஒன்றல்ல. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதுற்று, உயர்செறிவுக் கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. அவ்விடத்தில் எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. குறைசெறிவுக் கழிவு என்று எண்ணி மாதிரி எடுக்கச் சென்ற பணியாளர் உட்பட ஆறு பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சை ஏற்றனர். கருவியின்றி விட்டது பிரமாதம். அதன் பயனை ஏற்றவர்கள், அதற்குக் காரணமாக இல்லாத எளிய பணியாளர்கள்.

அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியது. இரண்டாம் உலை அப்போது முழு வீச்சில் இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் கூடத்துள் அலை புகுந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தோர் உலையை நிறுத்திக் குளிர்வித்துக் காத்தனர்; கதிர்வீச்சுக் கசிவு நேரவில்லை. அதே வேளையில் கடலோரத்துக் குடியிருப்பில் பணியாளரும் அவர்தம் குடும்பத்தாருமாகப் பலர் அலைக்கு இரையாகினர். தம் வீட்டார்க்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாத நிலையிலும் அன்று பணியில் இருந்தோர் இருக்கையை விட்டு எழவில்லை. அவர்கள் எழுந்து ஓடியிருந்தால் குறை கூறுவதற்கு யாருக்கு மனம் வரும்? ஓடாமல் இருந்ததனால் அவர்களுடைய விழிப்பு அறமாயிற்று. அப்பிரமாதம் என்னும் சொல்லுக்கு இல்லறத்தார் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தேடுவோர் கல்பாக்கத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கலாம்.

உலகம் கண்ட இரு பெரும் விபத்துகளும் இதே பாடத்தை எதிர்த் திசையிலிருந்து கற்பிக்கின்றன. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் செர்னோபிலில் ஒரு சோதனைக்காகப் பாதுகாப்பு அமைப்புகளை முடக்கிவைத்தனர். உலையின் வடிவமைப்பில் இருந்த குறையோ அதை இயக்கியவர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. விழிப்பின்மையோடு வாய்மையின்மையும் சேர்ந்தது. கடுங்கதிர்வீச்சால் அவ்வாண்டிலேயே மாண்ட 28 பேர் தீயணைப்போரும் நிலையப் பணியாளருமே ஆவர். 2011 மார்ச் 11-ஆம் நாள் புகுஷிமாவைத் தாக்கியது இயற்கையின் சீற்றம். ஆயினும் அதை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அடுத்த ஆண்டில் முடிவு கூறியது. பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமைதான் அங்கு நிகழ்ந்த பிரமாதம்.

கழிவும் சமிதியும்

முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள் இறுதியானது கழிவகற்றுதலைப் பற்றியது. உடலின் கழிவையும் உயிரில்லாத இடம் பார்த்து, பிற உயிர்க்கு ஊறு நேராவண்ணம் விட வேண்டும். உலகின் எந்தத் தொழிற்சாலைக்கும் இதைவிடச் சிறந்த விதி இல்லை.

எரிந்து தீர்ந்த அணு எரிபொருளின் அளவு சிறியது, கொடுமை பெரியது. அதில் உள்ள சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவை ஏறத்தாழ 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். புளூட்டோனியம்-239 பாதியாவதற்கு 24,000 ஆண்டுகள் ஆகும். மகாவீரர் நிர்வாணம் எய்தி ஏறத்தாழ 2,550 ஆண்டுகளே கடந்துள்ளன என்பதை எண்ணினால் அக்காலத்தின் நீட்சி விளங்கும். இந்தியா புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் எரிபொருளாக்கும் வழியை மேற்கொண்டுள்ளது. எஞ்சும் உயர்செறிவுக் கழிவு கண்ணாடியோடு உருக்கிச் சேர்க்கப்பட்டு எஃகுக் கலங்களில் காக்கப்படுகிறது. கல்பாக்கத்திலும் அத்தகைய ஆலை உள்ளது. ஆழ்பாறையில் நிலையான கிடங்கு நம் நாட்டில் இன்னும் அமையவில்லை. அது அமையும்வரை இறுதிச் சமிதி நிறைவேறியதாகக் கூற முடியாது. புகைபோக்கி வழியே கழிவை எல்லார் மூச்சிலும் கலந்துவிடும் நிலக்கரியைவிடக் கழிவைக் கலத்தில் அடைத்துக் காவல் காப்பது மேலானது. எனினும் காவல் தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டும். அக்காவலுக்கு விழிப்புடைய மனிதர் தேவை.

கழிவு வெப்பத்தையும் நன்மைக்கு ஆக்கலாம் என்பதற்குக் கல்பாக்கமே சான்று. மின்நிலையத்தின் ஆவியைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே நாளொன்றுக்கு 63 இலட்சம் லிட்டர் திறனுடன் அமைந்துள்ளது. சாராபாயின் கனவில் ஒரு துளி அது.

இடிந்தகரையின் பக்கமும் நின்று பார்த்தல்

அநேகாந்தம் போற்றும் சமயத்தார், ஒரு பக்கம் மட்டும் நின்று தீர்ப்புக் கூறலாகாது. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மீனவ மக்கள் கூடங்குளத்தை எதிர்த்து நெடுநாள் போராடினர். புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்ட தாய்மார், தம் பிள்ளைகளுக்காக அஞ்சியது குற்றமன்று. கூடங்குளத்தின் உலைகளில் இரட்டைக் கவசமும், உருகிய எரிபொருளைத் தாங்கும் அடிக்கலமும், மின்சாரமின்றியே வெப்பம் தணிக்கும் அமைப்பும் உள்ளன என்று பொறியாளர் கூறுவதும் பொய்யன்று. ஒருவர் கடலையும் வலையையும் நோக்கினார். ஒருவர் எஃகையும் கணக்கையும் நோக்கினார். இருவரும் மெய்யின் ஒவ்வொரு கூற்றைக் கண்டனர். ஒருவர் மற்றவரைத் தேசத்துரோகி என்றும் கொலைகாரர் என்றும் அழைத்தபோதுதான் ஏகாந்தம் புகுந்தது.

அவ்வாறே, யுரேனியம் தோண்டப்படும் ஜார்க்கண்டின் ஜாதுகூடாவில் வாழும் பழங்குடி மக்கள், சுரங்கக் கழிவு தேங்கும் குட்டைகளைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். உடுமலையில் எரியும் விளக்குக்கும் அவர்கள் குடிசைக்கும் தொடர்புண்டு. நிலக்கரிக்கும் இது பொருந்தும். 2020-இல் நெய்வேலியில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். எவ்வகை மின்சாரமும் எங்கோ ஒருவர் உடலை வருத்தியே வருகிறது என்னும் உணர்வு, ஸ்விட்சைத் தொடும் கைக்கு வேண்டும்.

அவ்வுணர்விலிருந்து பிறப்பதே அபரிக்கிரகம். நாட்டின் அணுமின் திறனை 2047-ஆம் ஆண்டுக்குள் 100 கிகாவாட்டாக உயர்த்துவதாக மைய அரசு 2025-இல் அறிவித்தது. இன்று நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று மட்டுமே. எத்தனை உலை கட்டினாலும் ஆசைக்கு ஈடாக மின்சாரம் ஆக்கிவிட முடியாது. யாரும் அமராத அறையில் சுழலும் மின்விசிறியும், விடியும்வரை எரியும் அலங்கார விளக்கும் ஆரம்பி ஹிம்சையில் அடங்கும். இரவுண்ணாமையை விரதமாகக் கொண்ட சமூகத்துக்குப் பகலொளியின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சேமித்த ஒரு யூனிட்டுக்குச் சுரங்கமும் வேண்டா, கழிவும் இல்லை.

பாட்டியாருக்கு விடை

இனிப் பாட்டியாரின் கேள்விக்கு வரலாம். நம் வீட்டுப் பிள்ளை அங்கே போகலாமா?

மின்சாரம் ஆக்கவும், மருத்துவத்துக்குக் கதிரியக்கப் பொருள் ஆக்கவும், கழிவைக் காக்கவும், பாதுகாப்பை ஆராயவும் செல்லும் பிள்ளை தாராளமாகச் செல்லலாம். அது சங்கல்பி ஹிம்சை அன்று. உயிரைப் போக்கும் படைக்கலம் செய்யும் பணி எனில், அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் அதிலிருந்து விலகி நிற்பதே நெறி. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை மங்கும் இடங்களும் உண்டு. அங்கே சம்பளத்தையும் பதவியையும் எண்ணாமல், கோத்தாரியும் சாராபாயும் எண்ணியதுபோல் தாமே எண்ணித் துணிய வேண்டும்.

செல்லும் பிள்ளை மூன்றை மறவாதிருக்க வேண்டும். முதலாவது அப்பிரமாதம், ஆயிரம் முறை சரியாக இருந்த வால்வை ஆயிரத்தோராவது முறையும் புதிதாகச் சோதித்தல். இரண்டாவது சத்தியம், குறையைக் கண்டால் மேலதிகாரிக்கு அஞ்சி மறைக்காமல் பதிவேட்டில் எழுதுதல். மூன்றாவது கருணை, கழிவுத் தொட்டியருகே செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் மார்பிலும் பேட்ஜ் இருக்கிறதா, அதன் அளவு அவருக்குத் தெரிவிக்கப்படுகிறதா என்று கேட்டறிதல். இம்மூன்றையும் கடைப்பிடிக்கும் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பது, அவர் இல்லாதிருப்பதைவிட உலகுயிர்க்கு நல்லது. உயிரைப் பேணும் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் அத்தொழிலை விட்டு ஒதுங்கினால், விழிப்பு மிகுதியும் தேவைப்படும் இடத்தில் விழிப்புடையோர் குறைந்துபோவர்.

பாட்டியார் பேரப்பிள்ளைக்கு விடைகொடுக்கும்போது ஒரு செம்பும் வடிகட்டும் வெள்ளைத் துணியும் தந்தனுப்பட்டும். கல்பாக்கத்தின் குடியிருப்பிலும் காலையில் நீரை வடிகட்டிப் பருகிவிட்டுப் பணிக்குச் செல்லும் கை, உலையின் பொத்தானையும் அதே கவனத்தோடு தொடும்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க. அறமும் அறிவும் இணைந்து வளர்க. ஜெய் ஜினேந்திரா.